நியூயார்க்கைப் பேட்டை பேட்டையாகப் பார்க்க: உள்ளூர்க்காரர் ஒருவரோடு நடப்பது எப்படி

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிற அப்பா அம்மாக்களின் நாட்கள் எல்லா வீட்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் போகும். முதல் வாரம் தூக்கம் மாறிப்போய், ராத்திரி இரண்டு மணிக்குச் சத்தம் போடாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து தயிர் சாதம் சாப்பிடுவோம். இரண்டாம் வாரம் சனிக்கிழமை டைம்ஸ் ஸ்கொயர், ஞாயிற்றுக்கிழமை சுதந்திர தேவி சிலை. அப்புறம் பிள்ளைகள் வேலை வேலை என்று ஓடிவிட, நாம் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே கார் நிறுத்துகிறவர்களை எண்ணிக்கொண்டிருப்போம். நானும் என் மனைவியும் ஜெர்சி சிட்டியில் மகள் வீட்டில் இப்படித்தான் ஒரு மாதத்தை ஓட்டினோம். ஹட்சன் ஆற்றின் அந்தக் கரையில் நியூயார்க் நிற்கிறது, பால்கனியிலிருந்து பார்த்தால் தெரிகிறது, ஆனால் போய் என்ன செய்வதென்று தெரியவில்லை.

நடுவில் ஒருநாள் காசு கட்டி இரட்டை மாடி பஸ்ஸில் ஏறினோம். காதில் மாட்டிக்கொண்ட கருவியில் ஒரு குரல் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தைப் பற்றி அளந்துகொண்டே போனது. பஸ்ஸோ அரைமணி நேரமாக ஒரு குப்பை லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அன்று ராத்திரிதான் மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள், காசு வாங்காமல் கூடவே நடந்து தன் பேட்டையைக் காட்டுகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்று. எந்தப் பேட்டையைக் கேட்பது, விண்ணப்பத்தில் என்ன எழுதுவது, கூட வருகிறவரிடம் எப்படி நடந்துகொள்வது, இந்த மூன்றும் தெரிந்தால் போதும். போய்வந்த பிறகுதான் எனக்கே இதெல்லாம் பிடிபட்டது.

அந்த அமைப்புக்குப் பிக் ஆப்பிள் கிரீட்டர் என்று பெயர். லின் புரூக்ஸ் என்ற நியூயார்க்காரப் பெண்மணி 1992-ல் ஆரம்பித்தது. அந்த நாளில் நியூயார்க் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு வழிப்பறியும் கொலையும்தான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் ஊர் அப்படி மட்டுமில்லை, வந்து பாருங்கள் என்று காட்டுவதற்காக ஊரை நேசிக்கிற சாதாரண ஆட்களைத் தொண்டர்களாகச் சேர்த்தார். அதைப் பார்த்து சிகாகோ, பாரிஸ் என்று பல ஊர்களில் இதே போன்ற அமைப்புகள் முளைத்து, இப்போது எல்லாம் சேர்ந்து உலக அளவில் ஒரு கூட்டமைப்பாகவே இருக்கிறது. ஆகவே உங்கள் பிள்ளை இருப்பது வேறு ஊர் என்றாலும் "கிரீட்டர்" என்ற சொல்லோடு ஊர்ப் பெயரைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

விதிகள் சுருக்கம்தான். கட்டணம் கிடையாது. டிப்ஸ் கொடுக்கக் கூடாது, கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். மனசு கேட்கவில்லை என்றால் அமைப்புக்கு நன்கொடை அனுப்பலாம். ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் கூடாது, அந்த ஆறு பேரும் உங்கள் வீட்டு ஆட்கள்தான், முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்து மேய்க்க மாட்டார்கள். இரண்டு மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் வரை நடை, நடுவில் ரயில் அல்லது பஸ். காரில் ஏற்றிக்கொண்டு போவதெல்லாம் இல்லை. அவரவர் ரயில் காசும் சாப்பாட்டுக் காசும் அவரவர் பொறுப்பு.

இன்னொன்று. வருகிறவர் தொழில்முறை வழிகாட்டி இல்லை. தேதியும் உயரமும் மனப்பாடமாக ஒப்பிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சாயங்காலம் கடைத்தெருப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், "இந்தக் கடையில்தான் இருபது வருஷமா காப்பிப்பொடி வாங்கறோம்" என்று காட்டுவோம் இல்லையா, அந்த மாதிரிதான். அதனால் அவருக்குத் தெரிந்ததைக் கேட்டால் ஊற்றாகச் சுரக்கும், தெரியாததைக் கேட்டால் போனை எடுத்துத் தேடிப் பார்ப்பார். அதை நாமே வீட்டில் உட்கார்ந்து செய்துகொள்ளலாம்.

விண்ணப்பம்

போகிற தேதிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே இணையத்தில் நிரப்பிவிட வேண்டும். நாளைக்குப் போகலாமா என்றால் ஆள் கிடைப்பது கஷ்டம், எல்லாரும் தொண்டர்கள்தானே. எத்தனை பேர், எங்கே தங்கியிருக்கிறீர்கள், எந்த மொழி, எதில் ஆர்வம், எந்தப் பேட்டை, நடப்பதில் சிரமம் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். தேதி ஒன்றே ஒன்று கொடுக்காமல் இரண்டு மூன்று கொடுங்கள்.

நான் முதலில் எழுதியது, "நியூயார்க்கின் முக்கியமான இடங்களைப் பார்க்க விரும்புகிறோம்." மகள் படித்துவிட்டு, "அப்பா, இது கலெக்டருக்கு எழுதுற மனு மாதிரி இருக்கு" என்று அழித்துவிட்டாள். அவள் சொன்னது சரிதான். அந்த ஒரு பத்தியை வைத்துத்தான் யாரை நம்மோடு அனுப்புவது என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். பிறகு இப்படி எழுதினோம்: நான் முப்பத்திரண்டு வருஷம் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன், மனைவிக்குக் காய்கறிக் கடை கண்டால் நிற்க வேண்டும், எங்களுக்கு உயரமான கட்டிடம் வேண்டாம், பல ஊர்க்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கிற தெரு வேண்டும், மனைவிக்கு முழங்கால் வலி இருப்பதால் படி ஏற நேரமாகும், எங்களுக்குச் சுமாரான ஆங்கிலம் தெரியும், மெதுவாகப் பேசினால் புரியும்.

கடைசி இரண்டையும் மறைக்காதீர்கள். நியூயார்க் ரயில் நிலையங்கள் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. முன்கூட்டியே சொன்னால் லிஃப்ட் இருக்கிற நிலையமாகப் பார்த்து வழி போடுவார்கள். மொழி விஷயத்திலும் அப்படித்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த ஊரில் எழுநூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுவதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள், உடைந்த ஆங்கிலம் யாருக்கும் புதிதில்லை.

எந்தப் பேட்டை?

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மன்ஹாட்டனைக் கேட்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. மன்ஹாட்டனுக்குள் எப்படியும் நாலு தடவை போவீர்கள், பிள்ளைகளே கூட்டிப் போவார்கள். நியூயார்க் என்பது ஐந்து பகுதிகள்: மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட். தனியாகப் போனால் எங்கே திரும்புவது, எதைப் பார்ப்பது என்று புரியாத இடத்துக்குத்தான் கூட ஓர் ஆள் வேண்டும். அப்படிப் பார்த்தால் குயின்ஸை மிஞ்சியது இல்லை. சுமார் 24 லட்சம் பேர் இருக்கிற இடம், பாதிப் பேருக்குக் கொஞ்சம் குறைவாக வெளிநாட்டில் பிறந்தவர்கள்.

குயின்ஸுக்கு ஊதா வட்டத்துக்குள் 7 என்று போட்ட ரயிலில் போங்கள். இ, எஃப் எக்ஸ்பிரஸ் வண்டிகள் சீக்கிரம் கொண்டுபோய் விடும், ஆனால் சுரங்கத்துக்குள்ளேயே போகும். 7-ம் நம்பர் வண்டி ஆற்றைத் தாண்டியதும் தரைக்கு மேலே வந்து, இரும்புத் தூண்கள் மேல் மாடி உயரத்தில் ஓடும். மொட்டை மாடிகளில் காயும் துணி வரைக்கும் தெரியும். உட்சைட் பக்கம் ஃபிலிப்பினோக்காரர்களும் ஐரிஷ்காரர்களும், 74-வது தெருவில் நம்மவர்களும் பங்களாதேஷ்காரர்களும், அதைத் தாண்டினால் கொலம்பியா, ஈக்வடார், மெக்சிகோ, கடைசியில் ஃப்ளஷிங்கில் சீனர்களும் கொரியர்களும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டிக்குள் இருக்கும் கூட்டமே மாறிக்கொண்டு வரும்.

எங்களுக்குக் கிடைத்தது ஜாக்சன் ஹைட்ஸ். கூட வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, கொலம்பியாவிலிருந்து சின்ன வயதில் வந்து அதே பேட்டையில் வளர்ந்தவர். சாதாரணமாகத் தங்கியிருக்கிற ஓட்டலுக்கே வந்து கூட்டிப்போவார்கள். நாங்கள் ஆற்றைத் தாண்டி இருந்ததால் 74-வது தெருவும் 37-வது அவென்யூவும் சந்திக்கிற முனையில் பத்து மணிக்கு என்று பேச்சு. நாங்கள் ஒன்பதே முக்காலுக்கே போய் நின்றுவிட்டோம். பத்து ஐந்து ஆகிறது, பத்து பத்து ஆகிறது, ஆளைக் காணோம். காசு வாங்காத வேலை, வர மனசில்லாமல் இருந்துவிட்டார் போல என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன். "நான் முனையில் நிற்கிறேன், நீங்கள் எங்கே?" நானும் முனையில்தான் நிற்கிறேன். அண்ணாந்து பச்சைப் பலகையைப் பார்த்தால் 37 ரோடு என்று எழுதியிருக்கிறது. 37 அவென்யூ அதற்கு அடுத்த குறுக்குத் தெரு. முப்பத்திரண்டு வருஷம் முகவரி பார்த்தே பிழைத்தவன் ஏமாந்தது அங்கேதான்.

ஆகவே குயின்ஸ் முகவரியைப் பற்றி நாலு வரி. அங்கே "தெரு" என்பவை வடக்கு தெற்காக ஓடும், "அவென்யூ" கிழக்கு மேற்காக. ஒரே எண்ணில் அவென்யூவும் இருக்கும், ரோடும் இருக்கும், சில இடத்தில் டிரைவும் இருக்கும், ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக. எண்ணுக்குப் பின்னால் வரும் சொல்லையும் சேர்த்துப் படிக்காவிட்டால் என் கதைதான். வீட்டு எண் நடுவில் கோடு போட்டு 37-01, 45-57 என்று வரும். முதல் பாதி பக்கத்தில் இருக்கிற குறுக்குத் தெருவின் எண், இரண்டாம் பாதி அங்கிருந்து எத்தனையாவது கதவு என்கிற மாதிரி. இதை விளக்கியது அந்த அம்மாதான், நான் தபால்காரன் என்று விண்ணப்பத்தில் படித்திருந்தார். மன்னிப்புக் கேட்டதற்கு, "இங்கே பிறந்தவர்களே தொலைந்து போவார்கள்" என்று சிரித்தார். அதற்கப்புறம் போன் இல்லாமலே என்னால் குயின்ஸில் எங்கு வேண்டுமானாலும் போக முடிந்தது.

74-வது தெருவில் நமக்குப் புதுசு ஒன்றும் இல்லை. நகைக்கடை, புடவைக்கடை, இனிப்புக்கடை, பட்டேல் பிரதர்ஸ் மளிகை. முருங்கைக்காய் விலையைப் பார்த்து என் மனைவி நின்ற இடத்திலேயே ரூபாயில் பெருக்கிப் பார்த்து, கையிலெடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "இதைக் காட்ட உங்களை இங்கே கூப்பிடவில்லை, இந்தக் கடைகள் ஏன் இங்கே வந்தன என்று காட்டத்தான்" என்று இரண்டு தெரு தள்ளிக் கூட்டிப்போனார்.

அங்கே செங்கல் கட்டிடங்கள், ஆறு மாடி ஐந்து மாடி. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணம். ஒரு கம்பிக் கதவில் முகத்தை ஒட்டவைத்துப் பாருங்கள் என்றார். உள்ளே அந்தக் கட்டிடங்களுக்கு நடுவே தெரு நீளத்துக்குத் தோட்டம், பெரிய மரங்கள், பெஞ்சுகள். 1910-களிலும் 20-களிலும் ஒரு கட்டுமான நிறுவனம் காலி வயல்களை வாங்கி, நடுவில் தோட்டம் விட்டு, சுற்றிலும் வீடு கட்டி விற்றிருக்கிறது. அன்று யூதர்களுக்கும் கறுப்பர்களுக்கும் அங்கே இடம் கிடையாது. 1965-ல் அமெரிக்காவின் குடியேற்றச் சட்டம் மாறி, ஆசியாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கிய பிறகுதான் தெருவின் முகமே மாறியது. ஊருக்குப் போகும்போது கொண்டுபோக 220 வோல்ட் மின்சாமான் விற்கிற கடைகள்தான் இந்தியக் கடைத்தெருவுக்குப் பிள்ளையார் சுழி என்றார். உலகமே கலந்து வாழ்கிற பேட்டை என்று இன்று பெயர் வாங்கியிருப்பது, ஆள் பார்த்து வீடு விற்பதற்காகக் கட்டிய பேட்டை! அதை அந்தக் கம்பிக் கதவுக்கு முன்னால் நின்று கேட்டபோது, நம் ஊர் அக்ரகாரத் தெருக்களும் வாடகைக்கு வீடு தேடும்போது கேட்கப்படும் கேள்விகளும் எனக்கு ஞாபகம் வந்தன. அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் எங்கள் ஊர்க் கதையைக் கேட்டுக்கொண்டார்.

35-வது அவென்யூவும் 81-வது தெருவும் சேரும் இடத்தில் ஒரு தெருப் பலகை. பேரில் ஒவ்வோர் எழுத்துக்குக் கீழேயும் பொடியாக ஓர் எண். இது என்ன சொல்லுங்கள் பார்ப்போம் என்று நிறுத்திவிட்டார். எனக்குத் தெரியவில்லை, மனைவி கண்டுபிடித்துவிட்டாள், மகளோடு எத்தனை கோடை விடுமுறை விளையாடியிருப்பாள். ஸ்கிராபிள்! 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டிடக்கலைஞர் இந்தப் பேட்டையில் இருந்துகொண்டுதான் அந்த விளையாட்டை உருவாக்கினார், முனையில் இருக்கிற தேவாலயத்தில் வைத்து ஆடிப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்கு எதிரில் பஸ்ஸுக்கு நின்ற யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம் ரூஸ்வெல்ட் அவென்யூ. தலைக்கு மேலே 7-ம் நம்பர் ரயில், கீழே வெயிலும் நிழலும் கட்டம் கட்டமாக விழுந்த தெரு, தள்ளுவண்டியில் மாங்காயைச் சீவி உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் போட்டு விற்கிற மெக்சிகோக்கார அம்மாக்கள். மெரினாவில் விற்கிற அதே மாங்காய்தான்! ரயில் தடதடவென்று வரும்போது எங்கள் ஆசிரியை சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை அப்படியே நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ரயில் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். நாலைந்து தடவைக்குப் பிறகு கவனித்தால் தெருவில் எல்லாருமே அப்படித்தான், போனில் பேசுகிறவர், பேரம் பேசுகிறவர், சண்டை போடுகிறவர் உட்பட. பஸ்ஸில் காதில் மாட்டியிருந்த குரல் இதையெல்லாம் சொல்லியிருக்குமா?

கூட நடக்கும்போது

கேள்வி கேளுங்கள். ஆனால் நம் ஊரில் முதல் ஐந்து நிமிஷத்தில் கேட்கிற சம்பளம், வயசு, கல்யாணம் ஆச்சா, குழந்தை எத்தனை, இதெல்லாம் வேண்டாம். அவராகச் சொன்னால் சரி. வாடகையை மட்டும் தாராளமாகக் கேட்கலாம், நியூயார்க்காரர்கள் வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாம்தான் நிறுத்த வேண்டும். காய்கறி எங்கே வாங்குவீர்கள், சின்ன வயதில் இந்தத் தெரு எப்படி இருந்தது, எந்தக் கடை மூடியபோது வருத்தமாக இருந்தது, இந்த மாதிரிக் கேள்விகளுக்குத்தான் நல்ல பதில் வந்தது. உங்கள் ஊரைப் பற்றி நீங்களும் சொல்லுங்கள். அவர்கள் இந்த வேலைக்கு வருவதே பாதி அதற்காகத்தான். நான் பையில் இரண்டு பழைய இந்தியத் தபால்தலை வைத்திருந்தேன், கொடுத்தேன். அதைக் காசு மாதிரி மறுக்கவில்லை, சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். நடுவில் உட்கார்ந்த கடையில் அவருடைய காப்பிக்கு நான் காசு கொடுத்ததையும் தடுக்கவில்லை.

படம் எடுக்கும்போது கட்டிடம், பலகை, பழக்கூடை எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். ஆட்களை எடுக்கும் முன் கேளுங்கள். தள்ளுவண்டிக்காரர்களில் குடியுரிமைக் காகிதம் இல்லாதவர்களும் இருப்பார்கள், உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அவர்களுக்குப் பயம். புரூக்ளினில் வில்லியம்ஸ்பர்க் போனால் கறுப்புக் கோட்டும் சுருள் கிருதாவுமாக இருக்கிற ஹசிதிக் யூதர்கள் காட்சிப்பொருள் இல்லை என்பதும் ஞாபகமிருக்கட்டும். நம்மூர்க் கோவில் குளத்தில் குளிக்கிறவர்களை வெள்ளைக்காரர் படமெடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

செருப்பு வேண்டாம், ஷூ. நான்கு மணி நேரம் சிமெண்ட் நடைபாதை. தண்ணீர் பாட்டில். கழிப்பறை என்பது அந்த ஊரில் பெரிய பிரச்சினை, பொதுக் கழிப்பறை அபூர்வம். வயசானவர்கள் காலையில் காப்பியைக் குறைத்துக்கொண்டு, போகிற வழியில் பொது நூலகம் எங்கே என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ளே போக யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ரயிலுக்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டாம், உங்கள் பிள்ளைகளின் வங்கி அட்டையையோ போனையோ நுழைவாயிலில் தட்டினால் கதவு திறக்கும். ஒரு தடவைக்குக் கிட்டத்தட்ட 3 டாலர், எவ்வளவு தூரம் போனாலும் அதே காசு. நியூ ஜெர்சியிலிருந்து வருகிற பாத் ரயில் வேறு நிர்வாகம், அதற்குத் தனிக் காசு; இதில் கொடுத்தது அதில் செல்லாது. சனி ஞாயிறில் தண்டவாள வேலை என்று வண்டிகளை மாற்றி ஓட்டுவார்கள், முந்தின ராத்திரி ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வார நாளில் போங்கள், கடைத்தெரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். மே, ஜூன், அப்புறம் செப்டம்பர், அக்டோபர் நடக்க நல்ல மாதங்கள்.

வர முடியாமல் போனால் கண்டிப்பாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இலவசம்தானே என்று நாம் விட்டுவிடுவோம், அங்கே ஒருவர் லீவு போட்டுவிட்டு வந்து காத்துக்கொண்டிருப்பார்.

ஆள் கிடைக்கவில்லையென்றால்

சில சமயம் உங்கள் தேதிக்கு யாரும் இல்லை என்று பதில் வரும். மே மாதம் முதல் வாரக் கடைசியில் அங்கே இருந்தால் ஜேன்ஸ் வாக் என்று ஒன்று நடக்கும், நகரத் தெருக்களைப் பற்றி எழுதியும் போராடியும் பேர் வாங்கிய ஜேன் ஜேக்கப்ஸ் நினைவாக. ஊர் முழுக்கத் தொண்டர்கள் இலவசமாக நடத்துகிற நடைகள், ஆளுக்கு ஒரு விஷயம். அக்டோபரில் ஓபன் ஹவுஸ் நியூயார்க் என்று வழக்கமாக உள்ளே விடாத கட்டிடங்களைத் திறந்து காட்டுவார்கள். இரண்டிலும் கூட்டம் இருக்கும், உங்களுக்கென்று தனி ஆள் என்ற சுகம் இருக்காது.

இன்னொரு வழி, ஒரு தடவை கூட்டிப்போனவரிடம் கற்றதை வைத்து அடுத்த பேட்டைக்கு நீங்களே போவது. நாங்கள் அப்படி மூன்று இடம் போனோம்.

முதலில் ஃப்ளஷிங், 7-ம் நம்பர் வண்டியின் கடைசி நிறுத்தம். ஏறி வெளியே வந்தால் மெயின் ஸ்ட்ரீட், பலகையெல்லாம் சீன எழுத்து, ரங்கநாதன் தெருக் கூட்டம். அங்கிருந்து பௌன் ஸ்ட்ரீட்டுக்குப் போங்கள். 37-01 எண்ணில் 1661-ஐ ஒட்டிக் கட்டிய ஒரு மரவீடு இருக்கிறது, ஜான் பௌன் என்பவருடையது. அப்போது அது டச்சுக்காரர்கள் ஆண்ட இடம். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கூடி வழிபடக் கூடாது என்று ஆளுநர் ஸ்டைவசன்ட் தடை போட்டார். 1657-ல் ஃப்ளஷிங் ஊர்க்காரர்கள் அதை எதிர்த்து ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், போட்டவர்கள் யாரும் குவேக்கர்கள் இல்லை. அதற்கப்புறம் பௌன் தன் வீட்டிலேயே அவர்களைக் கூட்டம் நடத்த விட்டு, கைதாகி, நாடு கடத்தப்பட்டு, ஹாலந்து வரை போய் வாதாடி ஜெயித்து வந்தார்.

இப்போது அதே தெருவில் தெற்கே நடங்கள். 37, 38 என்று குறுக்குத் தெரு எண் ஏறிக்கொண்டே போகும், வழியெல்லாம் வெவ்வேறு மதத்தாரின் வழிபாட்டு இடங்கள் வந்துகொண்டே இருக்கும், 45-57-ல் ராஜகோபுரம் தெரியும். ஸ்ரீ மகா வல்லப கணபதி தேவஸ்தானம். ஐ.நா. சபையில் வேலை பார்த்த தமிழரான அழகப்பா அழகப்பன் முன்னின்று 1970-ல் தொடங்கிய சங்கம், முன்பு ரஷ்யத் தேவாலயமாக இருந்த இடத்தை வாங்கி, 1977 ஜூலை 4-ல் கும்பாபிஷேகம். 2022-ல் தெருவின் அந்தப் பகுதிக்குக் கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட் என்று கூடுதல் பெயரும் வைத்துவிட்டார்கள். சாமி கும்பிட்டுவிட்டு அடித்தளத்தில் இருக்கிற கேன்டீனுக்கு இறங்குங்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் தேடும்போது பார்த்தால் பாதி மேசைகளில் நம்மவர் இல்லை, சீனக் குடும்பங்களும் வெள்ளைக்காரப் பையன்களும் தோசையைக் கையால் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல தோசைதான், சாம்பாரைப் பற்றி என் மனைவிக்கு வேறு கருத்து.

இரண்டாவது, ரிச்மண்ட் ஹில். தமிழர்கள் யாரும் சொல்லாத இடம், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. ஏ வண்டியில் போக வேண்டும், ஆனால் ஏ வண்டி பாதி வழியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கடற்கரைப் பக்கம் போகும், ஒன்று லெஃபர்ட்ஸ் புல்வார்டு போகும். வண்டி முகப்பில் லெஃபர்ட்ஸ் என்று இருந்தால் மட்டும் ஏறுங்கள். இறங்கினால் லிபர்ட்டி அவென்யூ, தென்னமெரிக்காவில் இருக்கிற கயானா நாட்டுக்காரர்களின் கடைத்தெரு. 1838-லிருந்து 1917 வரை இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்த பிள்ளைகள், அங்கிருந்து இரண்டாவது தடவையாகக் கடல் தாண்டி நியூயார்க் வந்தவர்கள். பெரும்பாலானவர்கள் கல்கத்தாவில் கப்பலேறியவர்களின் வழி. ஒரு பகுதியினர் மட்டும் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களின் வழி, அவர்களை இன்னும் மதராசி என்றுதான் சொல்கிறார்கள். மொழி போய்விட்டது, மாரியம்மன் போகவில்லை. பூஜைக்கு அடிக்கிற பறைக்குத் தப்பு என்றே பெயர். முனுசாமி, மூன்சாமி என்று குடும்பப் பெயராக மாறி நிற்கிறது. அங்கே போய்த் தமிழ் தெரியாதா என்று உச்சுக்கொட்டாதீர்கள், தயவுசெய்து. பருப்பு மாவில் பொரித்த ஃபொலூரி வாங்கி மாங்காய்ச் சட்னியில் தோய்த்துச் சாப்பிடுங்கள், பேச்சு தானாக வரும். கல்யாண வீடுகளில் ஏழு கறியை அல்லி இலையில் பரிமாறுவார்கள் என்று கடைக்காரப் பெண் சொன்னபோது, வாழை இலையைப் பற்றி நான் சொன்னேன். அதையும் அவர் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறார்.

மூன்றாவது ஸ்டேட்டன் ஐலண்டில் டாம்கின்ஸ்வில் பக்கம், இலங்கைக்காரர்கள் இருக்கிற பேட்டை, பெரும்பாலும் சிங்களவர்கள். கொத்து ரொட்டியும் ஆப்பமும் கிடைக்கும். ஆனால் அங்கே போவதே படகுக்காகத்தான். மன்ஹாட்டன் தென்கோடியிலிருந்து இருபத்தைந்து நிமிஷம், காசு கிடையாது, போகும்போது வலது பக்கம் நின்றால் சுதந்திர தேவி சிலை நன்றாகத் தெரியும். சிலையைப் பார்க்கத் தனியாகக் காசு கட்டியவர்களிடம் இதைச் சொல்லாதீர்கள்.

நேரம் இருந்தால் பிராங்க்ஸில் இத்தாலியர்களின் ஆர்தர் அவென்யூ, புரூக்ளினில் ரஷ்ய மொழிக்காரர்களின் பிரைட்டன் பீச், ஹார்லெமில் 116-வது தெருவில் செனகல்காரர்கள். மூன்றுக்கும் இன்னொரு விண்ணப்பம் போட வேண்டும். அடுத்த தடவைக்கு வைத்திருக்கிறோம்.

ஊருக்குத் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது மகளை நாங்கள் ஜாக்சன் ஹைட்ஸுக்குக் கூப்பிட்டோம். எட்டு வருஷமாக ஜெர்சி சிட்டியில் இருக்கிறாள், மளிகைக்கு அந்த ஊர் நியூஆர்க் அவென்யூவே போதும் என்பதால் ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம் ஒருநாளும் போனதில்லை. ஆபீஸிலிருந்து நேராக வந்துவிடுகிறேன், 74-வது தெரு, 37-வது அவென்யூ முனை, ஐந்தரை மணி என்றாள். ஐந்தே முக்கால் ஆனது. போன் அடித்தது.

"அப்பா, முனையிலதான் நிக்கிறேன், நீங்க எங்க இருக்கீங்க?"

பச்சைப் பலகையைப் பார்த்து முழுசாகப் படி என்றேன்.